வலி இல்லை என்கிறார்

அமெரிக்காவை நான் பார்த்ததில்லை. பார்க்க ஆசையும் கிடையாது. ஆனால் சில வருடங்கள் அந்த நாட்டைக் காதால் கேட்டிருக்கிறேன்.

ஓசூர் ரோட்டில் ஒரு கட்டடத்தின் மாடியில் எனக்கு வேலை. அமெரிக்க டாக்டர்கள் நோயாளியைப் பார்த்து முடித்ததும், என்ன பார்த்தோம் என்று மெஷினில் பேசி வைப்பார்கள். அந்தப் பேச்சு எங்கள் ஆபீசுக்கு வரும். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அதைக் கேட்டு டைப் அடிக்க வேண்டும். மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் என்று பெயர். காலுக்கடியில் ஒரு பெடல் இருக்கும். மிதித்தால் பேச்சு ஓடும், காலை எடுத்தால் நிற்கும், ஒரு பக்கமாக அழுத்தினால் பின்னால் போகும். அவர்கள் தூங்கும்போது நாங்கள் அடிப்போம். எழுந்து வரும்போது அடித்தது தயாராக இருக்கும். எங்கள் நீலசந்திரா தெருவில் இதை யாருக்கும் புரிய வைக்க முடியவில்லை. கம்ப்யூட்டர் வேலை என்று அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

அமெரிக்காவுக்குப் போய்விட்டு வந்தவர்களோடு எனக்கு எப்போதும் சண்டை வரும். அதற்குக் காரணம் இந்த வேலைதான். எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை செய்யும் பையன்களும், மகன் வீட்டில் ஆறு மாதம் தங்கிவிட்டு வந்த அப்பா அம்மாக்களும் ஒரே பாட்டைப் பாடுவார்கள். அங்கே தூசி இல்லை. ஹாரன் அடிப்பதில்லை. முன்பின் தெரியாதவன்கூடச் சிரிக்கிறான். எல்லாம் சரி. அவர்கள் பார்த்தது ரோடும், கடையும், மகன் வீட்டுக் கார்ப்பெட்டும். நான் கேட்டது அதே ரோட்டில் வண்டி ஓட்டுகிறவனின் நெஞ்சுவலியும், அந்தக் கடையில் நின்று நின்று கால் வீங்கிய பெண்ணின் சர்க்கரை வியாதியும். ஆஸ்பத்திரி வாசலில் நின்று பார்த்தால் எந்த நாடும் நோயாளியாகத்தான் தெரியும் என்று ஒருத்தர் எனக்குப் புத்தி சொன்னார். இருக்கட்டும். உடம்பு நன்றாக இருக்கும்போது எந்த நாடும் நல்ல நாடுதான். படுத்தால்தான் அதன் யோக்கியதை தெரியும்.

அப்பாவுக்கு அமெரிக்கா என்றால் ஆகாது. பொம்மசந்திராவில் ஒரு ஃபேக்டரியில் லேத் மெஷினில் வேலை. யூனியன் கமிட்டியில் இருந்தார். தொண்ணூற்றொன்றில் நான் ஸ்கூலில் படித்துக்கொண்டிருந்தேன். வளைகுடாவில் அமெரிக்கா குண்டு போடுவதைப் பக்கத்து வீட்டு டிவியில் காட்டினார்கள். ஏதோ தீபாவளி வாணவேடிக்கை மாதிரி எல்லோரும் உட்கார்ந்து பார்த்தோம். அப்பா எழுந்து போய் டிவியை அணைத்தார். அது அவர் டிவி இல்லை. அந்த வீட்டோடு வெகுநாள் பேச்சுவார்த்தை இல்லாமல் போனது. அதே வருடம் வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு நம் நாட்டுக் கதவையும் திறந்துவிட்டார்கள். இனிமேல் எல்லாம் அவன் சொல்வதுதான் என்று அப்பா அன்றைக்கே சொன்னார். அதன்பிறகு எங்கள் வீட்டில் பால் திரிந்தால்கூட "அமெரிக்காக்காரன் வேலைதான்" என்று அம்மா கிண்டல் செய்வாள். அவர் சிரிக்க மாட்டார்.

எனக்கு இந்த வேலை கிடைத்த அன்று அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"இன்னா வேலைன்னு சொன்ன?"

"டாக்டருங்க பேசுறத டைப் அடிக்கறது. பிளட் டெஸ்ட், ஆபரேஷன், அந்த மாதிரி."

"நம்ம ரத்தத்த உறிஞ்சுறான்னு நான் மீட்டிங்ல கத்திகினு இருக்கேன். நீ அவன் ரத்தம் எப்படி இருக்குதுன்னு எழுதிக் குடுக்கப் போறியா?"

"அவன் சம்பளம் குடுக்கறான்ல?" என்றாள் அம்மா. "உன் யூனியன் குடுக்குதா?"

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

முதல் மாதம் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மருந்துப் பெயர்களை டிக்‌ஷனரி பார்த்து அடித்துவிடலாம். சாதாரண பேச்சுதான் கழுத்தை அறுத்தது. ஒரு டாக்டர், இந்த நோயாளி தன் சிக்னிஃபிகண்ட் அதரோடு வசிக்கிறார் என்று சொன்னார். அதர் என்பது என் காதில் விழவே இல்லை. பிரதர் என்றுதான் கேட்டது. சிக்னிஃபிகண்ட் பிரதர் என்று அடித்தேன். முக்கியமான அண்ணன். குடும்பத்தைத் தாங்குகிற அண்ணன் போலிருக்கிறது, பரவாயில்லை, அங்கேயும் இப்படி இருக்கிறார்கள் என்று சந்தோஷம்கூடப் பட்டேன். என் வரிசையில் இருந்த பெண்கள் எல்லோரும் அப்படித்தான் அடித்திருந்தார்கள். ஒருத்திக்குக்கூடச் சந்தேகம் வரவில்லை. எடிட்டர் மேடம் மங்களூர்க்காரர். நாங்கள் அடித்ததைத் திருத்துவது அவர் வேலை. அவர் எங்களை வரிசையாக நிற்க வைத்து, கல்யாணம் செய்துகொள்ளாமல் சேர்ந்து வாழ்கிற ஆளை அங்கே அப்படிச் சொல்வார்கள் என்று விளக்கினார். ஒரு ஆஸ்பத்திரியின் பாதி நோயாளிகளை நாங்கள் அண்ணனோடு குடித்தனம் வைத்துவிட்டோம் என்றார்.

இன்னொரு வார்த்தை பிளஸன்ட். அந்த டாக்டர்கள் யாரைப் பார்த்தாலும் இனிமையானவர் என்றுதான் ஆரம்பிப்பார்கள். இவர் அறுபது வயதுள்ள இனிமையான கனவான். இவர் எழுபது வயதுள்ள இனிமையான பெண்மணி. குடித்துவிட்டு விழுந்து தலை உடைந்தவன்கூட இனிமையானவன். நம் ஊர் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவன் "அப்பறம் வாம்மா" என்று சொன்னாலே அது மரியாதை. முதலில் எனக்கு அந்த வார்த்தை மீது ஆசையாகத்தான் இருந்தது. பிறகுதான் கவனித்தேன். இனிமையான கனவானுக்கு மாத்திரை வாங்க வழியில்லை. இனிமையான பெண்மணி தினம் சாப்பிட வேண்டிய மாத்திரையைப் பாதியாக உடைத்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிடுகிறாள். இன்சூரன்ஸ் இல்லை. இதைச் சொல்லும்போதும் டாக்டரின் குரல் மாறாது. கமா, பீரியட், நெக்ஸ்ட் பாராகிராஃப் என்று நிறுத்தற்குறிகளையும் சேர்த்துச் சொல்லிக்கொண்டே போவார்.

மூன்றாவது வார்த்தையில்தான் நான் மாட்டிக்கொண்டேன். டினைஸ். நோயாளிக்கு நெஞ்சுவலி இல்லை என்று அவர்கள் சொல்லவே மாட்டார்கள். நோயாளி நெஞ்சுவலியை மறுக்கிறார் என்பார்கள். மூச்சுத்திணறலை மறுக்கிறார். குடிப்பழக்கத்தை மறுக்கிறார். போலீஸ் ஸ்டேஷனில் திருடன் மறுக்கிற மாதிரி. எனக்குக் கோபம் வந்தது. இப்போதுதான் இனிமையானவர் என்றாய், அடுத்த வரியிலேயே பொய்யன் என்கிறாயே? அவர்களுக்கு நல்லது செய்கிறோம் என்று நினைத்து டினைஸ் வந்த இடத்தில் எல்லாம் ஹாஸ் நோ என்று மாற்றி அடித்தேன். நெஞ்சுவலி இல்லை. அவ்வளவுதானே? எடிட்டர் மேடம் அந்த நாளின் வேலை முழுவதையும் திரும்ப அடிக்க வைத்தார்.

அவர் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. வலி இருக்கிறதா இல்லையா என்று டாக்டருக்குத் தெரியாது. நோயாளி இல்லை என்று சொன்னார் என்பது மட்டும்தான் தெரியும். தெரிந்ததை மட்டும்தான் அவர் சொல்கிறார். நீ யார் அதை மாற்ற?

சாப்பிடும்போது அப்பா என்னிடம் கதை கேட்பார். பெயர் எதுவும் சொல்லமாட்டேன். அதற்குக் கையெழுத்து வாங்கியிருந்தார்கள், அந்தப் பெயர்கள் என் மனதில் நிற்பதும் இல்லை. அமெரிக்காவைத் திட்டுவதற்கு ஆதாரம் வேண்டும் என்றுதான் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். மறுநாள் ஃபேக்டரி கேட்டில் அதைச் சொல்வார்.

"மனசு சரியில்லன்னு வந்தா, வீட்டுல துப்பாக்கி இருக்குதான்னு டாக்டர் கேக்கறாருப்பா."

"டாக்டரா? போலீஸா?"

"டாக்டர்தான். இருக்குதுன்னா பூட்டி வைங்கன்றாரு."

"நம்ம டாக்டரு ஊறுகா கொறைக்கச் சொல்றாரு. அவன் துப்பாக்கி கொறைக்கச் சொல்றான்." அவருக்கு அன்று ஒரு வாய் சோறு கூடுதலாக இறங்கியது.

இரண்டாயிரத்தில் அவர்களுடைய தேர்தல் முடிவு தெரியாமல் இழுத்துக்கொண்டே போனது. ஓட்டுச் சீட்டில் ஓட்டை முழுசாக விழுந்ததா, பாதி விழுந்ததா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்த படம் பேப்பரில் வந்தது. அப்பாவுக்கு அது திருவிழா. "ஓட்டு எண்ணுடான்னா ஓட்டை எண்ணிகினு இருக்கான்!" என்று டீக்கடையில் எல்லோரையும் சிரிக்க வைத்தார். "இவன்தான் ஊரு ஊரா போயி ஜனநாயகம் சொல்லிக் குடுக்கறான்." கடைசியில் கோர்ட் முடிவு செய்தது என்றதும், நம்ம யூனியன் எலெக்‌ஷன்கூட இதைவிட ஒழுங்காக நடக்கும் என்றார். அது உண்மை இல்லை. அவர்கள் யூனியன் எலெக்‌ஷனில் நாற்காலி பறந்தது எனக்குத் தெரியும்.

அவர் சிரிக்காமல் கேட்ட கதை ஒன்றே ஒன்றுதான். இராக்கில் மறுபடியும் சண்டை ஆரம்பித்த சமயம் அது. அமெரிக்காவில் ஒரு அம்மாவுக்குத் தூக்கம் வரவில்லை. மகன் பட்டாளத்தோடு இராக்கில் இருக்கிறான். டிவியை அணைக்க முடியவில்லை, அணைத்தால் ஏதாவது நடந்துவிடும் என்று பயப்படுகிறாள் என்று டாக்டர் சொன்னார். இதைச் சொன்னதும் அப்பாவின் கை சோற்றில் நின்றுவிட்டது. தொண்ணூற்றொன்றில் அவர் அணைத்த டிவி ஞாபகம் வந்ததோ என்னவோ. "அவன் அம்மா என்ன பண்ணுவா பாவம்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

அந்தச் சமயத்தில்தான் அவர் மாடிப்படியில் நிற்க ஆரம்பித்தார்.

எங்கள் வீடு மேல்மாடி. குறுகலான படி. ஒரு ஆள் ஏறினால் இன்னொரு ஆள் ஒதுங்க வேண்டும். ஃபேக்டரியிலிருந்து வந்தால் ஒரே மூச்சில் ஏறி வருகிறவர், பாதிப் படியில் நின்று சுவரில் இருக்கும் போஸ்டரைப் படித்தார். அது கன்னடப் பட போஸ்டர். ஒரு மாதமாக அங்கேயே இருக்கிறது. அடுத்த நாளும் படித்தார். தாடையை உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டார். மேலே வந்ததும் சோடா கேட்டார்.

"கேஸு. கேன்டீன்ல பஜ்ஜி போட்டான்."

"பஜ்ஜி துன்னா தாடை வலிக்குமாப்பா?"

"கேஸு எங்க வேணா போவும்."

அம்மாவும் ஆமாம் என்றாள். எங்கள் வீட்டில் வயிற்றிலிருந்து தலைமுடி வரை எங்கே வலித்தாலும் கேஸ்தான். அதற்கு ஓமவாட்டர். ஆனால் பெடல் இல்லாத தரையில் என் கால் தானாக அழுத்திக்கொண்டிருந்தது. இந்தத் தாடையை இதற்கு முன்னால் எங்கேயோ கேட்டிருக்கிறேன்.

அதற்குப் பிறகு ஒரு நாள் ஆபீசில் லாரி டிரைவர் ஒருவரின் டிக்டேஷன் எனக்கு வந்தது. ஐம்பத்தெட்டு வயது, இனிமையான கனவான். அப்பாவை விட ஒரு வயது பெரியவர். நோயாளி நெஞ்சுவலியை மறுக்கிறார், கமா, மூச்சுத்திணறலை மறுக்கிறார், பீரியட். பிறகு இன்னொரு வரி வந்தது. உடன் வந்திருக்கும் மகள் வேறு விதமாகச் சொல்கிறார், பீரியட். இந்த மாதம் முழுவதும் அப்பா லாரியை ஓரம் கட்டி நிறுத்தித் தாடையைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார் என்கிறாள் மகள். அஜீரணத்துக்கு மாத்திரை போட்டுக்கொள்கிறார் என்கிறாள். இருதயக் கோளாறு என்று எழுதிவிட்டால் லைசென்ஸ் போய்விடும் என்று நோயாளி கவலைப்படுகிறார். அவருக்கு இன்சூரன்சும் காலாவதியாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் சேரச் சொன்னேன் என்றார் டாக்டர். செலவு எவ்வளவு ஆகும் என்று கேட்டார். சொன்னதும் சட்டையை மாட்டிக்கொண்டார். ஆபத்தை விளக்கினேன், தன் பொறுப்பில் போவதாகக் கையெழுத்துப் போட்டார். மகள் கண்ணீருடன் இருந்தார், பீரியட், நெக்ஸ்ட் பாராகிராஃப்.

நான் காலை எடுத்துவிட்டேன். திரும்பப் பின்னால் ஓட்டினேன். மகள் கண்ணீருடன் இருந்தார், பீரியட். எத்தனை தடவை ஓட்டினாலும் அதே குரல்தான். அடுத்த பாராவில் ஒன்றுமில்லை. நன்றி, டிக்டேஷன் முடிந்தது என்று வைத்துவிட்டார். அந்த ஆள் வீட்டுக்குப் போனாரா, வழியில் விழுந்தாரா என்று தெரியாது. எங்களுக்கு எப்போதும் கதையில் ஒரு பக்கம்தான் கிடைக்கும். உலகத்துக்கே மருந்து கண்டுபிடிக்கிற நாடு. அடுத்தவன் ஊர் எப்படி இருக்க வேண்டும் என்று தினமும் பேட்டி கொடுக்கிற நாடு. வாசல் வரைக்கும் வந்த நெஞ்சுவலிக்காரனை விலை சொல்லி அனுப்பிவிட்டு, அதை இலக்கணப் பிழை இல்லாமல் எழுதியும் வைக்கிறது. நான்தான் எழுதினேன். ஒரு பிழைகூட இல்லை என்று எடிட்டர் மேடம் அன்றைக்குப் பாராட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவை உட்கார வைத்துக் கேட்டேன்.

"நெஞ்சு வலிக்குதா?"

"இல்ல."

"கை?"

"இல்ல."

"வேர்க்குதா?"

"ஏய், நான் வேலை செய்யற எடத்துல ஃபேன் கூடக் கெடையாது. வேர்க்காம பனியா பெய்யும்?"

"ஆஸ்பத்திரிக்குப் போலாம்பா. ஃபேக்டரியில குடுத்த கார்டு இருக்குது. ஒரு பைசா செலவில்ல. அங்க ஒருத்தன் காசில்லாம திரும்பிப் போறான். நீங்க ஓசியில காட்டறதுக்கு அழறீங்க."

அப்போதுதான் அவர் காரணத்தைச் சொன்னார். ஃபேக்டரியில் ஆளைக் குறைக்கிறார்கள். விருப்ப ஓய்வு என்று சொல்லி வீட்டுக்கு அனுப்புகிறார்கள். யாரும் கையெழுத்துப் போடாதீங்க என்று கேட்டில் நின்று சொல்கிறவர் இவர்தான். உடம்பு சரியில்லை என்று மெடிக்கல் ரிப்போர்ட்டில் எழுதிவிட்டால் முதலில் லேத்திலிருந்து எடுப்பார்கள், அடுத்ததாகக் கூப்பிட்டுப் பேப்பரை நீட்டுவார்கள். "நானே போயிட்டா மத்தவன் நிப்பானா? எல்லாரும் வரிசையா போட்டுட்டுப் போயிடுவான். எனக்கு ஒண்ணுமில்ல. சும்னே தொந்தரவு பண்ணாத."

அவர் முட்டாள் இல்லை. லாரிக்காரரும் முட்டாள் இல்லை. உண்மையைச் சொன்னால் வேலை போகும் என்கிற இடத்தில் மனுஷன் வேறு என்ன சொல்வான்? மறுப்பான். இது புரிந்ததும் எனக்குக் கோபம் இன்னும் அதிகமானது. யார் மேல் காட்டுவது என்று தெரியவில்லை.

அதே வாரத்தில் ஒரு காலை, ஷிஃப்டுக்குக் கிளம்பிய அப்பா படியிறங்கி முடிப்பதற்குள் உட்கார்ந்துவிட்டார். சட்டை நனைந்திருந்தது. அம்மா கத்தியதில் கீழ்வீட்டுக்காரர்கள் ஓடி வந்தார்கள். ஆட்டோ பிடித்தோம். ஏறுவதற்கு முன் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"வரேன். ஆனா டாக்டர் கேட்டா நான்தான் பேசுவேன். நீ வாயத் தொறக்கக் கூடாது. தொறந்த, அப்பறம் எனக்குப் பொண்ணு இல்ல."

சரி என்றேன். அப்போதைக்கு அவர் ஆட்டோவில் ஏறினால் போதும்.

தொழிலாளர் ஆஸ்பத்திரியில் கூட்டம். எப்படியோ உள்ளே நுழைந்தோம். டாக்டர் எங்களை நிமிர்ந்து பார்க்கவில்லை. "ஏனாயித்து?" என்ன ஆச்சு என்றார்.

அப்பாவின் கன்னடம் என் கன்னடத்தை விட நன்றாக இருக்கும். அன்று அது இன்னும் கம்பீரமாக வந்தது. "ஏனூ இல்லா சார். கேஸ் அஷ்டே." வெறும் கேஸ்தான். வலி? இல்லா சார். மூச்சு? இல்லா சார். டாக்டர் பேனாவைத் திறந்துவிட்டார். இரண்டு மாத்திரை எழுதிக் கொடுத்தால் அடுத்த ஆளைக் கூப்பிடலாம். வெளியே அத்தனை பேர் நிற்கிறார்கள். அவர் மேல் தப்பில்லை. நோயாளி மறுக்கிறார், பீரியட்.

எனக்கு என்ன ஆனதென்று தெரியவில்லை. தமிழும் வரவில்லை, கன்னடமும் வரவில்லை. வாயைத் திறந்தால் வருடக்கணக்காகக் காதில் கேட்ட இங்கிலீஷ்தான் வந்தது, அதே ராகத்தில். பேஷன்ட் நெஞ்சுவலியை டினை செய்கிறார். உடன் வந்திருக்கும் மகள் வேறு விதமாகச் சொல்கிறார். ஒரு மாதமாகப் படி ஏறும்போது தாடையில் வலி, நின்றால் அடங்குகிறது. இன்றைக்கு வேர்த்து உட்கார்ந்துவிட்டார். வேலை போய்விடும் என்று மறைக்கிறார். இவ்வளவும் மூச்சு விடாமல் சொன்னேன். முடிவில் பீரியட் என்றுகூடச் சொல்லியிருப்பேன். பல்லைக் கடித்து நிறுத்திக்கொண்டேன்.

டாக்டர் முதல்முறையாக நிமிர்ந்தார். "நீவு நர்ஸா?"

"இல்ல சார். டைப்பிஸ்ட்."

அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். "உங்கள் மகள் சொல்வது நிஜமா?" என்று கேட்கக்கூட இல்லை. "மேல ஹத்தி மலகி," ஏறிப் படுங்க என்று கட்டிலைக் காட்டினார். இசிஜி எடுத்தார்கள். நீளமான அந்தப் பேப்பரைப் பார்த்துக்கொண்டே இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டார். அப்பா வீட்டுக்குப் போகிறேன் என்று எழுந்தார். டாக்டர் அவர் தோளில் கை வைத்து அழுத்திப் படுக்க வைத்தார். "கூத்கொண்ட்ரே ஹொடீத்தினி நோடு," எழுந்து உட்கார்ந்தால் அடிப்பேன் பார் என்றார். இனிமை என்கிற பேச்சே அங்கு கிடையாது. அப்பாவின் செருப்பை ஒரு ஆயா எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். இனிமேல் போக முடியாது என்று எனக்கு அப்போதுதான் நிச்சயமானது. வராந்தாவுக்கு வந்து அழுதேன். யாரும் அதை எழுதி வைக்கவில்லை.

இருதயத்துக்குப் போகிற ரத்தக் குழாயில் அடைப்பு. இன்னும் ஒரு நாள் ஷிஃப்ட் பார்த்திருந்தால் மெஷின் மேலேயே விழுந்திருப்பார் என்றார்கள். வைத்தியம் செய்து அனுப்பினார்கள். பிழைத்தார்.

அவர் பயந்ததும் நடந்தது. லேத்திலிருந்து எடுத்து கேட் பக்கத்தில் சாமான் எண்ணுகிற வேலை கொடுத்தார்கள். சில மாதத்தில் கூப்பிட்டுப் பேப்பரை நீட்டினார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். அவர் போட்டதும் மற்றவர்களும் போட்டார்கள். அதுவும் அவர் சொன்னபடிதான். கமிட்டியில் இருந்த ஒருவர் வீட்டுக்கே வந்து, "உன் பொண்ணு வாய வெச்சுகினு சும்மா இருந்திருந்தா" என்று ஆரம்பித்தார். அம்மா அவரை வெளியே அனுப்பினாள். அப்பா தடுக்கவில்லை, ஆதரிக்கவும் இல்லை.

என்னோடு பேச்சு நின்றது. எல்லாம் அம்மா வழியாகத்தான். "உன் பொண்ணுகிட்ட லைட்ட அணைக்கச் சொல்லு." "உன் பொண்ணு பேப்பர் படிச்சு முடிச்சுட்டாளான்னு கேளு." நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க ஒன்றும் இல்லை. அவர் வேலையைப் பறித்தது என் வாய் இல்லை, அந்த ஃபேக்டரி. ஆனால் வீட்டில் கையில் அகப்படுகிறவர்கள் மேல்தானே கோபம் பாயும்? ஒரு வருடத்துக்கு மேல் அப்படியே போனது. அமெரிக்காவில் அடுத்த தேர்தல் வந்து போனது. இராக் சண்டையை ஆரம்பித்தவரே திரும்பவும் ஜெயித்தார். டீக்கடையில் யாரோ இதைச் சொல்லி அப்பாவின் வாயைக் கிளறினார்களாம். அப்பா ஒன்றும் சொல்லவில்லையாம். அம்மா அதைத்தான் பயத்தோடு வந்து சொன்னாள். அமெரிக்காவைத் திட்டாவிட்டால் இந்த மனுஷனுக்கு உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அவளுக்கு நினைப்பு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது பின்னால் குரல் கேட்டது. அம்மா வீட்டில் இல்லை. வேறு வழியில்லாமல் என்னிடமே பேசினார்.

"அந்த லாரிக்காரன் இன்னா ஆனான்?"

எந்த லாரிக்காரன் என்று நான் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது சொல்லியிருந்தேன். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார். காதில் விழுந்திருக்காது என்று நினைத்திருந்தேன்.

"தெரியாதுப்பா. அதுக்கு மேல வரல."

"அவன் பொண்ணு சொல்லிச்சு இல்ல?"

"சொல்லிச்சு."

"டாக்டர் எழுதினான் இல்ல, அது சொன்னத?"

"எழுதினாரு. எல்லாம் எழுதினாரு."

"எழுதிட்டு வுட்டுட்டான்." கயிற்றில் தொங்கிய சட்டையை இழுத்துச் சரி செய்தார். "நம்மாளு எழுதல. புடிச்சிப் படுக்கப் போட்டான். அடிப்பேன்னான். பொறுக்கிப் பையன்." டாக்டரைத்தான் சொன்னார். அவர் வாயில் அது எவ்வளவு பெரிய மரியாதை என்று எனக்குத் தெரியும். பிறகு, "வேலை போச்சு. அது போனதுதான். நீ பண்ணது பண்ணதுதான்" என்றார். அதை மாற்றிக்கொள்ளவில்லை. இன்று வரை மாற்றிக்கொள்ளவில்லை.

நான் அந்த டைப்பிங் வேலையை விட்டு வெகுநாள் ஆகிறது. மாதம் ஒருமுறை அவரைச் செக்கப்புக்குக் கூட்டிக்கொண்டு போகிறவள் நான்தான். டாக்டர்கள் மாறிவிட்டார்கள். கேள்வி மாறவில்லை. நெஞ்சுவலி இருக்கா, மூச்சு வாங்குதா, படி ஏற முடியுதா? எல்லாவற்றுக்கும் அப்பா தலையை நிமிர்த்திக்கொண்டு ஒன்றுமில்லை என்கிறார். சொல்லி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பிப் பார்க்கிறார், நான் பேச ஆரம்பிக்கும்வரை.